மாஸ்க் போட்டும் ஏலக்காய் வாசம் வருகிறதே, டாக்டர்?

வாசகர் கடிதம் (2021, கொரோனா காலம்):

நான் தேனி மாவட்டம் கம்பத்தில் இருந்து எழுதுகிறேன். வயது 43. கம்பம்மெட்டு வழியாக மேலே கேரளத்தில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறேன். காலை ஆறு மணிக்கு ஜீப் ஏறினால் இருட்டும்போதுதான் வீடு. ஊரடங்கில் ரொம்ப நாள் வேலையில்லாமல் கிடந்து, இப்போதுதான் காய் எடுக்கக் கூப்பிடுகிறார்கள். ஜீப்பில் பன்னிரண்டு பேர். மழை வந்தால் படுதாவை இறக்கிக் கட்டிவிடுவார்கள். மாஸ்க் நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது. மாஸ்க் போட்டிருந்தாலும் திரும்பி வரும்போது ஏலக்காய் வாசம் நன்றாகத் தெரிகிறது. வாசம் வரும்போது கிருமி வராதா? மருந்தடிக்கிற நாளில் அந்த நெடியும் வருகிறது. வீட்டில் அத்தைக்கு 67 வயது, சர்க்கரை இருக்கிறது. ஒரு ரூமும் அடுப்படியும்தான். நான் வந்ததும் துணியை ஊறப்போட்டு, தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். காய்கறியைக்கூட சோப்புத் தண்ணீரில் கழுவுகிறேன். தினமும் எல்லாரும் ஆவி பிடிக்கிறோம். நான் ஒரு தடுப்பூசி போட்டிருக்கிறேன், அத்தை போடவே மாட்டேன் என்கிறார். என்னால் அவருக்கு ஏதும் வந்துவிடுமோ என்று ராத்திரி தூக்கமே வருவதில்லை. வேலையையும் விட முடியாது. என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கம்பம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த ஒன்றரை வருடத்தில் மாஸ்க் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் ஏலக்காய் வாசக் கேள்வியைப் போல ஒன்றை யாரும் கேட்டதில்லை. அதற்குப் பதில் பிடிபட்டால் மூச்சு முட்டுவது, மருந்து நெடி, ஒற்றை ரூமில் அத்தையோடு இருப்பது என்று நீங்கள் எழுதிய மற்றதற்கெல்லாம் வழி தானாகத் தெரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஏலக்காயில் உள்ள எண்ணெய் ஆவியாகிக் காற்றோடு கலந்து வருவதைத்தான் வாசம் என்கிறோம். அந்த ஆவியின் துகள் கொரோனா கிருமியைவிட ஏறக்குறைய நூறு மடங்கு சிறியது. எந்தத் துணிக்குள்ளும், எந்த மாஸ்க்குக்குள்ளும் அது தாராளமாகப் புகுந்து வரும். கிருமியின் கதை வேறு. அது வெறுமனே பறந்து வருவதில்லை. ஒருவர் பேசும்போதும் இருமும்போதும் மூச்சுவிடும்போதும் வெளியே வரும் எச்சில் துளிகளில் ஏறிக்கொண்டுதான் வருகிறது. அந்தத் துளி எவ்வளவு பொடியாக இருந்தாலும் வாசத்தின் துகளுக்குப் பக்கத்தில் வைத்தால் மலை. நல்ல மாஸ்க்கின் நடு அடுக்கில் மெல்லிய இழைகள் புதர் மாதிரிப் பின்னிக் கிடக்கும். ஏலச்செடிகளுக்கு நடுவே நடந்தால் சேலையில் சருகு ஒட்டிக்கொள்வதைப் போல, வளைந்து நெளிந்து போகும் துளிகள் அந்த இழைகளில் ஒட்டிக்கொள்கின்றன. போதாததற்கு அந்த இழைகளுக்கு மின்னூட்டமும் ஏற்றியிருப்பார்கள். தலைசீவிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அந்த மாதிரி அது துளிகளைப் பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும். பிடிப்பதற்கே மிகக் கஷ்டமான 0.3 மைக்ரான் அளவுத் துகளில்கூட நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைப் பிடித்துவிடும் என்பதால்தான் என்95 என்று பெயர்.

ஆகவே வாசம் வருகிறது என்பதற்காக மாஸ்க் வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். மாஸ்க் வேலை செய்யவில்லை என்பதற்கு வேறு அடையாளம் இருக்கிறது. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே சூடான காற்று படுகிறதா? கன்னத்து ஓரமாகக் காற்று ஓடுகிறதா? அந்த இடம் திறந்த கதவு. அதை அடைக்காமல் எத்தனை அடுக்கு போட்டாலும் பயன் குறைவுதான். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடியே சொல்லிவிடும், மேலே ஆவி படியும்.

ஏலக்காய் வாசமே வரும்போது பிராணவாயு வராதா? பிராணவாயு அந்த வாசத் துகளைவிடவும் சிறியது. மாஸ்க்கால் ஆக்ஸிஜன் குறையாது. ஆரோக்கியமாக இருக்கும் ஒருவர் நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் குறையாது. என் கிளினிக்கில் வேலை செய்கிறவர்கள் காலை ஒன்பது மணிக்குப் போட்டால் மதியம் வரை கழற்றுவதில்லை, யாருக்கும் விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் அளவு 97, 98க்குக் கீழே இறங்கியதில்லை. உங்களுக்கு மூச்சு முட்டுவதற்குக் காரணம் ஈரம். துணி நனைந்தால் இழைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் தண்ணீர் நின்றுவிடும், காற்று போக வழி இருக்காது. நீங்கள் இழுக்கிற மூச்சுக்கு மாஸ்க் மூக்கோடு வந்து ஒட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இது. அப்போது காற்று ஓரங்கள் வழியாகத்தான் உள்ளே வரும். மூச்சுக்கும் சிரமம், பாதுகாப்பும் போச்சு. நனைந்த மாஸ்க்கைப் பிடிவாதமாகப் போட்டுக்கொண்டிருப்பதில் ஒரு லாபமும் இல்லை.

மருந்தடிக்கும் நாளுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் ஆவியும் வாசத்தைப் போலத்தான், மாஸ்க் தடுக்காது. என்95 போட்டாலும் தடுக்காது. கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க் மருந்துக்கும் போதும் என்று நினைத்து மருந்தடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். அடிப்பவர்களுக்கு அதற்கென்று தனி முகமூடி, கையுறை தரவேண்டியது தோட்டக்காரரின் பொறுப்பு. காய் எடுப்பவர்களை அன்றைக்கு அந்தப் பக்கம் விடாமல் வேறு பக்கம் அனுப்பச் சொல்லி நீங்கள் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். மருந்துச் சாரல் பட்ட மாஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைக்க வேண்டாம், அங்கேயே கழற்றிக் குப்பையில் போட்டுவிடுங்கள். அதை மூக்கில் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் ஜீப்பில் வருவது மருந்தை மூக்கில் வைத்துக்கொண்டு வருவதற்குச் சமம்.

எந்த மாஸ்க் வாங்குவது? உங்கள் நிலைமையில், அதாவது ஒரு டோஸ் மட்டும் போட்டுக்கொண்டு, மூடிய ஜீப்பில் பன்னிரண்டு பேரோடு போய்வந்து, வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு, ஜீப்புக்கு என்95 வேண்டும் என்பதுதான் என் கருத்து. கேரள அரசு 2021 மே மாதம் என்95க்கு 22 ரூபாய், மூன்றடுக்கு மாஸ்க்குக்கு 3 ரூபாய் 90 காசு என்று உச்ச விலை வைத்தது.  முன்னால் வட்டமாக வால்வு வைத்த மாஸ்க்கை வாங்காதீர்கள். அது உங்கள் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடும். உங்களுக்குத் தொற்று இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நேராகப் போகும்.

ஐந்து என்95 வாங்கி, ஓரத்தில் பேனாவால் 1 முதல் 5 வரை எண் போட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை 1, செவ்வாய் 2 என்று போடுங்கள். போட்டதைச் செய்தித்தாளில் மடித்த பையில் வைத்து, காற்றாடும் இடத்தில் தொங்கவிடுங்கள். அடுத்த சுற்று வருவதற்குள் காய்ந்து, அதில் ஒட்டியிருந்த கிருமியும் செத்திருக்கும். துவைக்க மட்டும் கூடாது. சோப்புத் தண்ணீர் பட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும், பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும், ஆனால் வெறும் துணி. பட்டை தொய்ந்தாலோ, மூக்குக் கம்பி உடைந்தாலோ, கிழிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். கடைகளில் கிடைக்கும் என்95 பலவற்றில் காதில் மாட்டும் பட்டைதான் இருக்கிறது, அது கன்னத்தோடு இறுகப் படியாது. இரண்டு காதுப் பட்டையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், கொண்டைக்குக் கீழே ஒரு ஊக்கில் சேர்த்து மாட்டுங்கள். காதும் வலிக்காது, ஓரமும் அடையும்.

என்95 கிடைக்காத வாரத்தில் மூன்றடுக்கு மாஸ்க்கை உள்ளே போட்டு, அதன் மேல் இறுக்கமான துணி மாஸ்க்கைப் போடுங்கள். மேலே போடுகிற துணிதான் கீழே உள்ளதை முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது, அதற்காகத்தான் இரண்டு. மூன்றடுக்கு மாஸ்க்கை மட்டும் போடுவதாக இருந்தால் அதை நீளவாக்கில் பாதியாக மடித்து, காதுப் பட்டை தைத்திருக்கும் முனைக்குப் பக்கத்திலேயே பட்டையில் ஒரு முடிச்சுப் போடுங்கள். பிரித்தால் இரண்டு பக்கமும் சின்ன வாய் மாதிரித் திறந்திருக்கும். அந்த மடிப்பை உள்பக்கமாகச் செருகிவிட்டு மாட்டிப் பாருங்கள். கன்னத்து ஓரத்தில் இருந்த இடைவெளி போயிருக்கும். என்95 மேல் இன்னொன்று போட வேண்டாம்.

மழைக்கு ஒரு வழி: ஜீப் நிற்கும் இடம் வரை குடையோ தலையில் கொங்காணியோ போட்டுக்கொண்டு துணி மாஸ்க்கோடு போங்கள். நல்ல மாஸ்க் பிளாஸ்டிக் கவரில், இடுப்புப் பையில் பத்திரமாக இருக்கட்டும். ஜீப்புக்குப் பக்கத்தில் போனதும் முகத்தைத் துடைத்து, ஏறுவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே ஏறி உட்கார்ந்து மாற்றுவது வேண்டாம். மாலையில் திரும்பும்போதும் இப்படியே. காலையில் போட்டது வியர்வையில் ஊறியிருந்தால் மாலைக்கு இன்னொன்று வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டு வாங்க வேண்டும்.

தோட்டத்துக்குள் நிலைமை லேசானது. திறந்த வெளியில், ஆளுக்கு ஒரு செடி என்று தள்ளித் தள்ளி உட்கார்ந்து காய் எடுக்கும்போது ஒருவர் விடும் மூச்சு மற்றவர் மூக்குக்கு வருவதற்குள் காற்றோடு கரைந்துவிடும். குனிந்து வேலை செய்யும்போது மூச்சு வாங்கினால், பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றிக் கவரில் வைத்துவிட்டு நன்றாக மூச்சுவிடுங்கள். தாடையில் இறக்கிவிட வேண்டாம், அங்கே வியர்வையில்தான் ஊறும்.

தோட்டத்தில் எனக்குப் பயமாக இருக்கும் நேரம் சாப்பாட்டு வேளைதான். மழைக்கு ஒதுங்கி எல்லாரும் ஸ்டோருக்குள்ளேயோ ஷெட்டுக்குள்ளேயோ வட்டமாக உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து, குழம்பு பகிர்ந்து, சிரித்துப் பேசி, அப்புறம் வெற்றிலைப் பை சுற்றில் போய்வரும். அந்த அரை மணி நேரம் யார் முகத்திலும் மாஸ்க் இல்லை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2020இல் என் கிளினிக்கில் கதவுக் கைப்பிடி முதல் ரூபாய் நோட்டு வரை கிருமிநாசினி போட்டுத் துடைக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசனை மூக்கைத் துளைக்கும், அதைப் பார்த்து எனக்கே திருப்தி. ஆனால் பின்பக்கம் ஜன்னல் இல்லாத சின்ன அறையில் எங்கள் ஆட்கள் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். ஒருவருக்கு வந்தது, ஒரே வாரத்தில் நால்வருக்கும் வந்தது. நோயாளியிடமிருந்து வரும் என்று பயந்துகொண்டிருந்தோம், எங்கள் சாப்பாட்டு அறையில் வந்தது. துடைப்பதில் காட்டிய அக்கறையில் பாதியை ஒரு ஜன்னல் வைப்பதில் காட்டியிருந்தால் அந்த நால்வரும் தப்பியிருப்பார்கள் என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

ஆகவே தாழ்வாரத்தில், கூரை ஓரமாக, ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் ஒரே வரிசையாக வெளியே பார்த்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். இடம் போதவில்லை என்றால் இரண்டு பந்தியாகச் சாப்பிடுங்கள். வெற்றிலை போட்டுத் துப்புவதை இந்த ஒரு சீசனுக்காவது நிறுத்திவையுங்கள். கதை பேச வேண்டியதை மாஸ்க் போட்ட பிறகு பேசலாம்.

இப்போது ஜீப். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற வரி, ‘படுதாவை இறக்கிக் கட்டிவிடுவார்கள்’ என்பதுதான். வீட்டில் மிளகாய் வத்தல் வறுத்தால் ஜன்னல் திறந்திருந்தால் இரண்டு தும்மலோடு நெடி போய்விடும், சாத்தியிருந்தால் அரை மணி நேரம் வீடே இருமும். எச்சில் துளியிலும் பொடியானவை அந்த நெடி மாதிரித்தான் காற்றில் நிற்கின்றன. பெரிய துளிகள் இரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும், பொடியானவை பத்து மீட்டர் வரை போகலாம் என்று மத்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் அலுவலகமே மே மாதம் சொல்லிவிட்டது. படுதா இறக்கிய ஜீப்பின் நீளம் எவ்வளவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உள்ளே மாலையில் ஏலக்காய் வாசம் கட்டி நிற்கிறது என்றால் அங்கே காற்று மாறவில்லை என்று அர்த்தம். வாசத்தை மாஸ்க்குக்குப் பரீட்சையாக வைக்காதீர்கள், ஜீப்புக்குப் பரீட்சையாக வையுங்கள். வாசம் கலைந்து போகிற மாதிரி படுதா இருக்க வேண்டும்.

எப்படி? பின்பக்கப் படுதாவை முழுதாகச் சுருட்டிக் கட்டிவிடச் சொல்லுங்கள், வண்டி முன்னால் போகும்போது பின்னால் இருந்து மழை அதிகம் அடிக்காது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியைக் கால்வாசி இறக்கிவைக்கச் சொல்லுங்கள். முன்னால் நுழைகிற காற்று பின்னால் வெளியேறும், சும்மா ஒரு பக்கம் திறந்தால் அது நடக்காது. பின்னால் உட்காருகிறவர்கள் கொஞ்சம் நனைவார்கள்தான். ஆளுக்கு ஒரு நாள் என்று இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள், மடியில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுநர் மாஸ்க் போட வேண்டும், அவர் ஒரு நாளில் எத்தனை நடை எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறார் பாருங்கள். ஜீப்பில் பாட்டு, போன் பேச்சு, சத்தமாகக் கதை எல்லாம் வேண்டாம். சத்தமாகப் பேசினால் துளிகள் பல மடங்கு அதிகம் வரும். பன்னிரண்டு பேரை எட்டுப் பேராகக் குறைத்தால் ஆளுக்கு வாடகை கூடும் என்று எனக்குத் தெரியும். ஆள் பிடிக்கத் தோட்டக்காரர்கள் அலைகிற சீசன் இது. எல்லாருமாகப் போய், வாடகையில் ஒரு பங்கைத் தோட்டமே ஏற்கச் சொல்லிக் கேட்கலாம். ஒருவர் கேட்டால் காதில் விழாது, பன்னிரண்டு பேர் கேட்டால் விழும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் தினமும் போய்வரும் மலைக்கு மேலே இந்த 2021இல் தொற்று இன்னும் அடங்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஜூன், ஜூலையில் எடுத்த நான்காவது கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 69 பேர் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருந்தது, கேரளத்தில் 44 பேரிடம்தான் இருந்தது. அங்கே இத்தனை நாள் கவனமாக இருந்து நிறையப் பேரை நோய் தொடாமல் காத்திருக்கிறார்கள், அதனாலேயே இன்னும் தொடுவதற்கு ஆட்கள் பாக்கி. 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து வருபவர்களிடம், கொரோனா இல்லை என்ற ஆர்டிபிசிஆர் பரிசோதனைச் சான்றோ இரண்டு ஊசி போட்ட சான்றோ தமிழ்நாட்டில் கேட்டார்கள். அப்போது விதி வாரத்துக்கு வாரம் மாறியது, கிளம்புவதற்கு முன் செக்போஸ்டில் விசாரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் படும் பாட்டைப் படிக்கும்போது வருத்தமாக இருந்தது. நாள் பூராவும் குனிந்து வேலை செய்துவிட்டு, மழைக் குளிரில் தலைக்கு ஊற்றி, துணி ஊறவைத்து, காய்கறியை சோப்பில் கழுவி… இதில் பாதியை விட்டுவிடலாம். பொருள்களைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு ஒரு தொடுதலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஏப்ரலில் கணக்குச் சொன்னது. காய்கறிக்குச் சாதாரணத் தண்ணீர் போதும். சோப்பு காயில் தங்கி வயிற்றைக் கெடுக்கும். வந்ததும் கையை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், விருப்பம் இருந்தால் வெந்நீரில் மேலுக்கு ஊற்றுங்கள். மருந்தடித்த நாளில் மட்டும் குளிப்பதும் துணியைத் தனியாக ஊறவைப்பதும் கட்டாயம், அது கொரோனாவுக்காக இல்லை.

ஆவி பிடிப்பதையும் நிறுத்திவிடுங்கள். ஆவி கிருமியைக் கொல்லாது. மூக்கடைப்புக்கு ஒரு நாள் பிடித்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். தினமும் எல்லாரும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்தால் ஒருவர் மூச்சு இன்னொருவருக்கு நேராகப் போகும். கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோய் வந்த இரண்டு பேருக்கு இந்த வருடம் நானே கட்டுப் போட்டிருக்கிறேன்.

மிச்சமாகும் நேரத்தையும் தெம்பையும் அத்தையின் காற்றுக்குச் செலவிடுங்கள். ரூமின் ஜன்னலும் அடுப்படிக் கதவும் எதிரெதிராக இருந்தால் பகல் முழுக்க இரண்டையும் திறந்துவையுங்கள். டேபிள் ஃபேன் இருந்தால் அத்தையை நோக்கி வைக்காமல், ஜன்னலைப் பார்க்க, காற்று வெளியே போகும்படி வையுங்கள். தாளித்த நெடி எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று பார்த்தாலே உங்கள் வீட்டுக் காற்று எப்படி என்று தெரியும். ராத்திரியில் அத்தை ஜன்னல் ஓரமாகப் படுக்கட்டும், நீங்கள் எதிர் மூலையில், தலை மாற்றிப் படுங்கள். வீட்டுக்குள்ளும் மாஸ்க் போடுகிற நேரம் வந்துவிட்டது என்று நிதி ஆயோக்கின் டாக்டர் வி.கே. பால் ஏப்ரல் மாதம் சொன்னபோது பலருக்குக் கோபம் வந்தது. உங்கள் மாதிரி வீட்டுக்கு அது சரியான யோசனை. எந்நேரமும் வேண்டாம். அத்தைக்குச் சாப்பாடு போடும்போது, கால் பிடித்துவிடும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் மேலே அத்தையைக் காக்கப்போவது ஊசிதான். நடிகர் விவேக் ஏப்ரலில் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்ததிலிருந்து உங்கள் அத்தை மாதிரி எத்தனையோ பேர் பின்வாங்கிவிட்டார்கள், அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. அவருக்கு இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சிகிச்சை செய்த மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். மாரடைப்பு ஊசி வருவதற்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்தது. சர்க்கரை உள்ள 67 வயதுக்காரருக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகும் என்பதை மே மாதம் இந்தப் பள்ளத்தாக்கில் நாம் பார்த்தோம். நுரையீரல் கெட்டு, அதற்கு ஸ்டீராய்டு கொடுக்க வேண்டிவந்து, அதில் சர்க்கரை ஏறி, பிழைத்து வந்தவர்களில் சிலருக்குக் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணை எடுக்கும்படி ஆனது. ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், கைவலி வரும், பாராசிட்டமால் போதும். சர்க்கரை மாத்திரையை ஊசி நாளிலும் நிறுத்த வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் மட்டும் போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அத்தையிடம் நீங்கள் பேசுவதைவிட, அவர் வயதில் ஊசி போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெரியம்மா பேசினால் கேட்பார் என்பது என் அனுபவம். அவரும் கூடவே வந்தால் இன்னும் நல்லது. உங்களுடைய இரண்டாவது ஊசியையும் தள்ளிப்போடாதீர்கள். 2021இல் இரண்டு ஊசிக்கும் நடுவே இடைவெளி கோவிஷீல்டு என்றால் 84 நாள், கோவேக்ஸின் என்றால் 28 நாள். கோவிஷீல்டு ஒரு டோஸ் மட்டும் போட்டவருக்கு 2021இல் பரவிய டெல்டா வகைக் கொரோனாவிடமிருந்து கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்புதான், இரண்டும் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு என்று இங்கிலாந்தில் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

கடைசியாக ஒன்று, மழைக்காலத்தில் நம்மூரில் நடக்கிற பெரிய தப்பு. ‘நேற்று நனைந்தேன், சளி பிடித்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் ஜீப் ஏறுவது. டெல்டா தொற்று பலருக்கு வெறும் தலைவலி, மூக்கொழுகல், தொண்டை கரகரப்பாகத்தான் தொடங்குகிறது. நனைந்த ஜலதோஷத்துக்கும் அதற்கும் வித்தியாசம் பரிசோதனையில்தான் தெரியும். உங்களுக்கு அப்படி ஏதும் வந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குச் சளி மாதிரி கொடுங்கள், காசில்லை. முடிவு வரும்வரை நீங்கள் திண்ணையிலோ அடுப்படியிலோ படுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் மாஸ்க் போடுங்கள், அத்தைக்குச் சாப்பாட்டை வேறு யாராவது கொடுக்கட்டும். ஜீப்பில் வரும் மற்ற பதினொரு பேரும் இப்படியே செய்வதென்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சளியோடு நின்றுவிட்டவருக்கு அன்றைய கூலியை மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சம் போட்டுக் கொடுத்தால்தான் யாரும் மறைக்காமல் சொல்வார்கள்.

அத்தைக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால் மெடிக்கல் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம். அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருந்தால் முதல் நாட்களில் அது நோயை வளர்க்கும், சர்க்கரையையும் ஏற்றிவிடும். தெருவில் யாரிடமாவது ஆக்ஸிமீட்டர் இருந்தால் காலையும் மாலையும் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த விரலிலும் மருதாணி வைத்த நகத்திலும் அது தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, வெறும் நகத்தில், ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் படியுங்கள். 94 அல்லது அதற்குக் கீழே காட்டினாலோ, ஆறு நிமிடம் ரூமுக்குள் நடக்கவிட்டுப் பார்த்ததில் மூன்று நான்கு எண் இறங்கினாலோ காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. மேலே தோட்டத்தில் இருக்கும்போது உங்களுக்கே முடியாமல் போனால் கேரளத்தில் 1056.

அத்தையை இந்த வாரமே தடுப்பூசி முகாமுக்குக் கூட்டிப் போங்கள். நாளைக் காலையில் ஜீப் ஏறும்போது பின்பக்கப் படுதாவைச் சுருட்டிக் கட்டச் சொல்லிப் பாருங்கள். ஓட்டுநர் என்ன சொன்னார், மாலையில் வாசம் நின்றதா கலைந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.